கக்கன் எளிமையா இருந்தாரு சரி, என்ன வேலை செஞ்சாரு? எம்மக கேக்குறா, பதில் தெரியல

ஒத்தக்கடைக்காரன்:

வணக்கம் மக்களே, ஒரு சின்ன ஒதவி வேணும். எம்மக ஒம்போதாப்பு படிக்கிறா, வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல பேச்சுப்போட்டி, தலைப்பு எங்கள் ஊர் மக்கள் பிரதிநிதி, நாலு நிமிஷம் பேசணும். நமக்கு பூர்வீகம் மேலூர் பக்கம், அதனால யோசிக்கவே இல்ல, கக்கன் ஐயாவ பத்தி பேசு ஆத்தான்னு சொல்லிட்டு ராத்திரி உக்காந்து நானே எழுதியும் குடுத்துட்டேன். பத்து வருசம் மந்திரியா இருந்தும் வாடகை வீடு, பதவி போனதும் டவுன் பஸ், கடைசியில மதுரை பெரியாஸ்பத்திரி ஜெனரல் வார்டுல கெடந்தது, மதுரை மேயரா இருந்த முத்துவ பாக்க வந்த எம்ஜிஆர் இவரு அங்க இருக்காருன்னு கேள்விப்பட்டு பதறிப் போயி பாத்தது, அப்புறம் கவர்மெண்ட்ல வீடும் வைத்தியமும் குடுத்தது, இதெல்லாம் நல்லா உருக்கமா எழுதியிருந்தேன், எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

அவ படிச்சுப் பாத்துட்டு கேக்குறா, "ஏம்ப்பா, இது பூராம் அவருக்கு என்ன ஆச்சுங்கிறதுதான இருக்கு, நமக்கு அவரு என்ன செஞ்சாருன்னு ஒரு வரி கூட இல்லையே"ன்னு. நானும் வாயத் தொறந்து மூடிட்டேன். அணை கட்டுனாருல்ல ஆத்தா அப்படின்னேன், எந்த அணைன்னா, மேட்டூர்னு வாட்ஸ்அப்ல படிச்ச ஞாபகத்துல சொல்லிட்டேன், அது எங்க இருக்கு சேலத்துலன்னு அவ சிரிக்கிறா. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. தேதி வருசம் சரியா இருக்கணும், தமிழ் டீச்சர் ரொம்ப கறார்.


பரோட்டா மாஸ்டர்:

அண்ணே நீங்க எழுதிக் குடுத்து நீங்களே அழுதிருக்கீங்க, பேசாம நீங்களே மேடையேறிருங்க 😀 வெவரம் தெரிஞ்ச பெரியவங்க வருவாங்க, நான் சும்மா உக்காந்து படிக்கிறேன்


பழைய லஸ்கர்:

தம்பி நான் சொல்லச் சொல்ல பேரன்தான் டைப் அடிக்கிறான், தப்பு இருந்தா அவன வைங்க. பொதுப்பணித்துறையில 31 வருசம் லஸ்கரா, அதாவது கால்வாய்க் காவலுக்கும் தண்ணி தொறந்து விடவும் இருந்து ரிட்டயர் ஆனவன் நான், பெரியாறு கால்வாயில மேலூர் பக்கம் நான் கால் வைக்காத கரை இல்ல. ஒம் மக கேட்டதுதான் சரியான கேள்வி, ஏன்னா கக்கன் 1957-ல மந்திரி ஆனப்ப அவரு கையில இருந்த எலாகா பொதுப்பணி, அதாவது எங்க டிபார்ட்மெண்டு. வைகை அணைய 1959 ஜனவரி 21-ந் தேதி காமராசர் தொறந்து வச்சப்ப அதுக்கு மந்திரி இவருதான். ஆனா கக்கன் கட்டுன அணைன்னு மட்டும் பேசச் சொல்லாத, அவரு மந்திரியா வர்றதுக்கு முந்தியே அங்க வேலை நடந்துகிட்டு இருந்துச்சு, இவரு காலத்துல முடிஞ்சு தண்ணி நின்னுச்சு, அப்படிச் சொன்னா யாரும் குத்தம் சொல்ல முடியாது.

இப்ப அந்த அணை மேலூருக்கு என்னத்த செஞ்சுச்சுன்னு கேளு. பெரியாத்துத் தண்ணி 1895-லருந்தே நம்ம பக்கம் வருது, அது வேற கதை. ஆனா மலையில இருந்து எறங்குற தண்ணிய நடுவுல பிடிச்சு வைக்க எடம் கெடையாது, ஆத்துல வர்றத பேரணைங்கிற தடுப்பணையில மறிச்சு கால்வாயில திருப்புவாக, அவ்வளவுதான், மழை ஏமாத்துனா நாத்தங்கால்லயே கருகும், மிஞ்சுனா ஆத்தோட போகும். ஆண்டிபட்டி பக்கத்துல வைகை அணை வந்த பெறகுதான் 71 அடி வரைக்கும் தேக்கி வச்சு, சம்சாரிக்கு எப்ப வேணுமோ அப்ப தொறக்கலாம்ங்கிற நெலமை வந்துச்சு. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அது 45 ஆயிரம் ஏக்கர் சொச்சம், ஜூன் மாசம் தொறப்பாக. அதுக்கு அங்கிட்டு மேலூரும், திருமங்கலம் கால்வாயும் சேந்து ஒருபோகம், 1 லட்சத்து 5 ஆயிரம் ஏக்கர், அதுக்கு செப்டம்பர்ல. அணையில தண்ணி இருந்தா, அது முக்கியம். இல்லாத வருசம் மேலூர்ல ரோட்டுல உக்காந்துருவாக, அது நான் வேலைக்குச் சேந்த நாள்லருந்து இன்னைக்கு வரைக்கும் இருக்கு.

தண்ணி தொறந்து மேலூர் பக்கம் வர்ற அன்னைக்கு பாக்கணும் நீ. முன்னாடி ஒரு கெட்ட காத்து வரும், காஞ்ச கால்வாயில கெடந்த சருகு, செருப்பு, பிளாஸ்டிக்கு எல்லாத்தையும் நுரையோட உருட்டிகிட்டு தண்ணி ஆள் நடக்குற வேகத்துல வரும், சின்னப் பயலுக அதுக்கு முன்னாடி ஓடுவானுக. அப்புறம் எங்களுக்கு ஒரு மாசம் தூக்கம் கெடையாது. முறை வச்சு விடுற தண்ணி, இந்த ஊருக்கு இத்தனை நாள்னு கணக்கு, ராத்திரியில எவனாவது வந்து ஷட்டர திருகிட்டுப் போயிருவான். நான் என்ன செய்வேன்னா ஷட்டர் கம்பியில கிரீச அப்பி வச்சிருவேன், காலையில டீக்கடையில கிளாச வாங்குற கையப் பாத்தாலே தெரிஞ்சுரும் எவன்னு. சரி அது கெடக்கட்டும், பேரன் கை வலிக்குதுங்கிறான்.


கணக்குப்பிள்ளை:

பெரியவர் சொன்னதுக்கு மேல நான் வருசத்த மட்டும் போடுறேன், டீச்சர் கறார்னு சொன்னதால. மொதல்ல மேட்டூர விட்டுத்தள்ளுங்க, மேட்டூர் அணை 1934-லயே தொறந்தது, வெள்ளைக்காரன் காலம், அப்ப கக்கன் இருபத்தஞ்சு இருபத்தாறு வயசுப் பையன். யாரோ ஒருத்தர் எழுதி வச்சத எல்லாரும் அப்படியே காப்பி அடிச்சு பரப்புறாங்க.

பொறந்தது 1908 ஜூன் 18 தும்பைப்பட்டி, அப்பா ஊர்க்கோயில் பூசாரி. மதுரை வைத்தியநாதய்யர்தான் இவருக்கு எல்லாமே, அவர் பின்னாடி போயி காங்கிரஸ்ல சேந்து ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்துனாரு, 1942-ல ஆகஸ்ட் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனாரு. அப்புறம் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இத பாதிப் பேர் சொல்றதே இல்ல, அரசியல் சட்டத்த எழுதுன சபையில மேலூர்க்காரர் ஒருத்தர் உக்காந்திருந்தாருன்னா அது சின்ன விசயமா. 1952-ல மதுரை எம்பி, காமராசர் முதலமைச்சர் ஆனதும் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவி இவருகிட்ட வந்துச்சு. 1957-ல மேலூர் எம்எல்ஏ, பொதுப்பணியோட அரிசன நலமும் சேத்து மந்திரி. 1962-ல சமயநல்லூர் எம்எல்ஏ, விவசாய மந்திரி. 1963 அக்டோபர்ல இருந்து போலீஸ் மந்திரி, அதாவது உள்துறை. 1967-ல மேலூர்ப் பக்கமே நின்னு திமுக ஓ.பி.ராமன்கிட்ட தோத்தாரு. அதோட பதவி முடிஞ்சுது. 1981 டிசம்பர் 23-ல காலமானாரு.

இன்னொண்ணு, இவரு உள்துறையில இருந்தப்பதான் 1964-ல லஞ்ச ஒழிப்புத் துறை ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு ரெய்டு ரெய்டுன்னு டிவியில ஓடுதுல்ல அதே துறைதான். பாப்பாவுக்கு இது நல்ல பாயிண்ட்டு.

ஒரு எச்சரிக்கை, கக்கன் நிதியில கட்டுன பஸ் ஸ்டாப் எங்கன்னு தேடிராதீங்க. எம்எல்ஏவுக்கு வருசத்துக்கு இவ்வளவுன்னு தொகுதி நிதி ஒதுக்குறதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது, இப்ப அது வருசம் 3 கோடி, அந்தக் காசும் எம்எல்ஏ கைக்கு வராது, அவரு வேலைய எழுதிக் குடுப்பாரு, கலெக்டர் சாங்ஷன் பண்ணுவாரு, செவத்துல பேரு மட்டும் எம்எல்ஏவோடது பெருசா இருக்கும். அன்னைக்கு எம்எல்ஏன்னா சட்டசபையில எந்திரிச்சுப் பேசி மந்திரிகிட்ட வாங்கணும், மந்திரின்னா ஃபைலத் தள்ளணும், அதனால அவுக வேலைக்கு கல்வெட்டு கம்மி.


வடக்குமாசி வீதி:

எல்லாரும் நல்லதாவே பேசுறீங்க, நான் கொஞ்சம் கசப்பாச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 1965 மொழிப்போர்ல போலீஸ் சுட்டப்ப உள்துறை மந்திரி யாருங்க? கக்கன்தான். முதலமைச்சர் பக்தவத்சலம், சரி, முடிவு அவரோடதுன்னு சொல்லுவீங்க, ஆனா எலாகா இவரோடது. ஜனவரி 25-ந் தேதி மொத மொதல்ல பத்துனதே நம்ம மதுரையிலதான், ஊர்வலமாப் போன பசங்களுக்கும் காங்கிரஸ்காரங்களுக்கும் வடக்கு மாசி வீதி காங்கிரஸ் ஆபீஸ் முன்னாடி அடிதடி ஆகி, அங்கிருந்து மாநிலம் பூராம் பரவுச்சு. அரசாங்கக் கணக்கே கிட்டத்தட்ட 70 சாவுன்னு சொல்லுச்சு. எங்க தாத்தா அன்னைக்கு காலேஜ் ஸ்டூடண்டு, ஓடும்போது சாக்கடையில விழுந்து முழங்கால் சில்லு பேந்து, சாகுற வரைக்கும் மழை நாள்ல அந்தக் கால நீட்டித் தேச்சுகிட்டே வைவாரு. கக்கன் நல்ல மனுசன்டா, ஆனா அந்த நாற்காலியில உக்காந்திருந்தாருல்ல, அப்படின்னுதான் சொல்லுவாரு, அதுக்கு மேல ஒரு வார்த்தை சேத்து வஞ்சதில்ல.

67 தேர்தல்ல அவரு தோத்தது எளிமையப் பாக்காத ஜனம்னு சிலர் அங்கலாய்க்கிறாங்க, அது ஜனங்களுக்குப் பண்ற அநியாயம். அரிசிப் பஞ்சமும் துப்பாக்கிச் சூடும் இருந்தா எந்த நல்லவரும் தோக்கத்தான் செய்வாரு. அதே தேர்தல்ல இந்த மதுரை ஜனம்தான் மதுரை கிழக்குல கே.பி.ஜானகியம்மாள ஜெயிக்க வச்சுச்சு, அந்தம்மா இருந்த நகை சொத்தெல்லாம் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் போராட்டத்துக்கும் குடுத்த ஆளு. ஆக எளிமையப் பாத்து ஓட்டுப் போடாத ஊரில்ல இது. பாப்பா இதையும் ஒரு வரி சொல்லணும், சொல்லாம விட்டா அது பேச்சுல்ல, மாலை.


கணக்குப்பிள்ளை:

வடக்குமாசி சொல்றதுல தப்பில்ல, நானும் மேல போலீஸ் மந்திரின்னு எழுதிட்டு 65-அ விட்டுட்டேன், என் தப்புத்தான். ஆனா ஒம்போதாப்பு பிள்ளைக்கு நாலு நிமிஷத்துல எதைன்னு வைக்கிறது


அழகர்கோயில் ரோடு:

ரெண்டு நாளா படிச்சுட்டு பேசாம இருந்தேன், இனி இருக்க முடியல. எங்க வீட்டுல கக்கன் போட்டோ சாமி படத்தோட மாட்டியிருக்கும், நாங்க எந்த ஜனம்னு இதுலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு இந்த எளிமைக் கதைகள்ல ரொம்ப நாளா ஒரு எரிச்சல் உண்டு. மத்த மந்திரிகள பத்தி பேசும்போது திட்டம், தொழிற்சாலை, பள்ளிக்கூடம்னு பேசுறீங்க, எங்காளு ஒருத்தர் பத்து வருசம் மந்திரியா இருந்தா மட்டும் பாவம் பாய்ல படுத்துக் கெடந்தாருன்னு பேசுறீங்க. ஏழையா பொறந்தவரு ஏழையாவே செத்தத கேட்டு அழுகுறது உங்களுக்கு சொகமா இருக்கு. ஒத்தக்கடை அண்ணே உங்களச் சொல்லல, பொதுவாச் சொல்றேன். (சரி, கொஞ்சம் உங்களையும்தான்.)

அவரு செஞ்சதுல எங்களுக்குப் பெருசு அணையும் இல்ல மந்திரிப் பதவியும் இல்ல. 1939 ஜூலை 8. தாழ்த்தப்பட்டவங்கன்னு எங்க ஜனத்த உள்ள விடாத காலத்துல, வைத்தியநாதய்யரோட மீனாட்சி கோயிலுக்குள்ள போன அந்த சின்னக் கூட்டத்துல கக்கனும் இருந்தாரு. அப்ப அவரு எம்எல்ஏவும் இல்ல ஒண்ணும் இல்ல, முப்பது முப்பத்தோரு வயசு ஆளு. கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு உள்ள விட்டாரு, பட்டர்கள்ல சில பேர் பூசை பண்ண மாட்டோம்னு நின்னாங்க, கேஸ் வரும்னு மிரட்டுனாங்க, அப்புறம் ராஜாஜி அரசாங்கம் அவசரமா சட்டம் போட்டு பாதுகாப்பு குடுத்துச்சு. இதெல்லாம் நான் பின்னாடி படிச்சது. எனக்குத் தெரிஞ்சது எங்க அம்மாச்சி. என்னைய கூட்டிகிட்டு சித்திரைத் திருவிழாவுக்கு வந்தா அம்மன் சன்னதி வாசல்ல கூட்டம் பின்னாடி தள்ளிகிட்டே இருக்கும், அம்மாச்சி மட்டும் படிகிட்ட ஒரு நிமிஷம் நின்னுரும். சாமி கும்புடுதுன்னு நெனைப்பேன். ஒருநா கேட்டதுக்கு, இல்லடி, யாராவது ஏதும் சொல்றாங்களான்னு பாத்தேன், அப்படின்னுச்சு. அது சொன்னப்ப வருசம் 1988, அம்மாச்சிக்கு எழுபதுக்கு மேல.

வைத்தியநாதய்யர் 1955-ல எறந்தப்ப கக்கன் மொட்டை போட்டு மகன் ஸ்தானத்துல நின்னாருன்னு சொல்லுவாங்க, சொந்தக்காரங்க எதுத்தப்ப அய்யரோட பிள்ளைகளே இவரும் எங்க கூடப் பொறந்தவருதான்னு சொன்னதாச் சொல்லுவாங்க. எங்க பக்கம் கல்யாண வீட்டுல பெருசுக அத இன்னும் சொல்லும்.

65 பத்தி, பேசணும்தான், பேசட்டும். ஆனா வடக்குமாசி அண்ணே, உங்க தாத்தா சொன்ன அந்த வரிய அப்படியே பேசச் சொல்லுங்க, அத விட நேர்மையா நம்மளால எழுத முடியாது.


பரோட்டா மாஸ்டர்:

நான் சும்மா சிரிக்க வந்தேன், இப்ப மாவு பெசையாம போனப் பாத்துகிட்டு நிக்கிறேன், ஓனர் மொறைக்கிறாரு


ஒத்தக்கடைக்காரன்:

அக்கா, வாங்குனது நியாயமான அடி, வாங்கிக்கிறேன். எல்லாத்தையும் அவளுக்கே படிச்சுக் காமிச்சேன், அவளே எழுதிக்கிறேன்னு நோட்ட எடுத்துகிட்டு மாடிக்குப் போயிட்டா, என்னைய பாக்க விடல. நான் எழுதுனதுல ஒரே ஒரு வரிதான் வச்சிருக்காளாம், எந்த வரின்னு சொல்ல மாட்டேங்குறா.

தும்பைப்பட்டி மணிமண்டபத்துக்கு கூட்டிட்டுப் போகலாம்னு நெனைக்கிறேன், பஸ்ல போனா எப்படி?


கணக்குப்பிள்ளை:

ஒத்தக்கடையில நின்னு மேலூர் பஸ் ஏறுங்க, மேலூர்ல எறங்கி கொட்டாம்பட்டி போற டவுன் பஸ்ஸுல தும்பைப்பட்டின்னு சொல்லுங்க. திருச்சி ரோட்டு மேலயே இருக்கு. நாலு வழிச்சாலை, ரோட்டக் கடக்கும்போது பிள்ளைய கையில புடிச்சுக்கங்க, வண்டிக பறக்கும்.


ஒத்தக்கடைக்காரன்:

போட்டி முடிஞ்சுது மக்களே. நேத்து நானும் ஸ்கூலுக்குப் போயி கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டேன். எடுத்த எடுப்புலயே பேரணையில ஆரம்பிச்சா. தண்ணி செருப்பையும் சருகையும் உருட்டிகிட்டு வர்றத சொன்னா, ஷட்டர் கிரீசு சொன்னதும் ஹால் பூராம் சிரிப்பு. அங்கிருந்து 59, அங்கிருந்து பின்னாடி போயி 39, அக்கா உங்க அம்மாச்சி வாசப்படியில நின்னத பேர் சொல்லாம சொன்னா, உங்ககிட்ட கேக்காம செஞ்சுட்டா, மன்னிச்சுக்கங்க. அரசியல் நிர்ணய சபை சொன்னா. 65-க்கு வந்து, "நல்ல மனுசர், ஆனால் அந்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்" அப்படின்னா, தமிழ் டீச்சர் கண்ணாடிய கழட்டிட்டுப் பாத்தாங்க. அடுத்து "1981-ல் மதுரை மருத்துவமனையில்" அப்படின்னு ஆரம்பிக்கும்போது மணி அடிச்சுட்டாங்க. அதுதான் என்னோட அந்த ஒரு வரி போல. அதுலயும் வருசம் தப்பு, நான் எழுதும்போதே தப்பா எழுதியிருக்கேன், அவரு கண்ண மூடுன வருசத்த அங்க போட்டுட்டேன், மணி அடிச்சு காப்பாத்துனாங்க.

மொதப் பரிசு வாங்குன பையனும் கக்கன்தான், பெரியாஸ்பத்திரியிலயே ஆரம்பிச்சு பெரியாஸ்பத்திரியிலயே முடிச்சான், ரெண்டு டீச்சர் மூக்க உறிஞ்சுனாங்க. நம்ம பிள்ளைக்கு மூணாவது, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வர்ற வழியெல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டு வந்தா, ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்ததும் சரியாயிருச்சு. இப்ப தும்பைப்பட்டி வேணாமாம், பேரணையப் பாக்கணும்ங்கிறா. பெரியவரே, அது எப்படிப் போறது?


பழைய லஸ்கர்:

சோழவந்தான் தாண்டி அணைப்பட்டிக்குப் போகணும் தம்பி, ஆஞ்சநேயர் கோயிலக் கேட்டா யாரும் வழி சொல்லுவாக. இப்ப போனா வெறும் மணலும் கருவேலமும்தான் கெடக்கும். தண்ணி தொறக்குறப்ப சொல்றேன், பேரன் நம்பர்ல சொல்லுவான், அன்னைக்கு கூட்டிட்டு வா. நானும் வாரேன். முழங்கால் மடங்க மாட்டேங்குது, கார் கெடைச்சா நல்லது.